இருபது பேரா, பத்துப் பேரா?

முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்காக எக்ஸெல் தாளோடு வருவார்கள். அதில் இரண்டு பத்தி எண்கள் இருக்கும். "சார், டி-டெஸ்ட் போட்டு பி வேல்யூ மட்டும் சொல்லுங்க" என்பார்கள். அதற்கு ஒரு நொடி போதும். ஆனால் நான் முதலில் கேட்பது, "இரண்டு பத்தியிலும் இருப்பவர்கள் வேறு வேறு ஆட்களா?" என்பதைத்தான்.

ஏன் என்று கேட்டால் ஒரு பழைய தரவை எடுத்துக் காட்டுவேன். டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. டி-சோதனை பிறந்தது அந்தக் கட்டுரையில்தான். இரண்டு தூக்க மருந்துகள். மருந்துக்குப் பத்து எண்கள். கூடுதலாகக் கிடைத்த தூக்கம் சராசரியாக 0.75 மணி, 2.33 மணி.

டி என்பது ஒரு வகுத்தல். மேலே சராசரிகளின் வித்தியாசம், கீழே அந்த வித்தியாசத்தின் திட்டப்பிழை. இருபது தனித்தனி ஆட்கள் என்று கொண்டால் திட்டப்பிழை 0.85, பி-மதிப்பு 0.079. மருந்துகளுக்குள் வித்தியாசம் உண்டென்று அடித்துச் சொல்ல முடியாது. உண்மையில் இரண்டு மருந்தையும் சாப்பிட்டது அதே பத்துப் பேர். கோசெட் செய்ததுபோல ஆளுக்கு ஆள் கழித்துப் பார்த்தால் திட்டப்பிழை 0.39 ஆகிறது, பி-மதிப்பு 0.0028. மேலே இருக்கும் 1.58 மணி அப்படியேதான் இருக்கிறது. தூக்க மருந்து ஒருவருக்கு நன்றாக வேலை செய்யும், இன்னொருவருக்கு அவ்வளவாகச் செய்யாது. அந்த ஏற்றத்தாழ்வு கழித்தலில் விழுந்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான தவறுதான் அதிக ஆபத்து. இருபது நோயாளிகளின் இரண்டிரண்டு கண்களை நாற்பது தனி அளவீடுகளாக எண்ணினால், இல்லாத தகவல் இருப்பதாகக் கணக்கு நம்பிவிடும். திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கும்.

ஆட்கள் உண்மையிலேயே வேறு வேறு என்றால் நான் போடுவது வெல்ச் முறை. ஆர் மென்பொருளும் கேட்காமலே அதைத்தான் போடும். இரு குழுக்களின் சிதறலும் சமம் என்ற அனுமானம் அதற்குத் தேவையில்லை. சிறிய குழுவில் சிதறல் அதிகமாக இருந்தால், சிதறல் சமம் என்று கொள்ளும் பழைய முறை இல்லாத வித்தியாசத்தை அடிக்கடி இருப்பதாகக் காட்டும்.

இதையெல்லாம் எண்களைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நோயாளி எண்ணுக்கென்று தனிப் பத்தி இல்லாத தாளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரே எண் இரண்டு முறை வந்தால், எந்தச் சோதனை என்ற கேள்விக்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.