அம்மா கொடுத்த 300 வெள்ளி

தோக்கியோவில் படிக்கும் மகனைப் பார்க்க 2024-இல் நான் புறப்பட்டபோது, அம்மா தகர டப்பாவைத் திறந்து 300 வெள்ளியை என் கையில் திணித்தார். "ஜப்பான் முத்து ரொம்ப நல்லா இருக்குமாமே. ஒரு சோடி கம்மல் வாங்கிட்டு வாம்மா." முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கை அது. மறுத்துப் பேச முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

முத்து என்றால் கின்சாதான் என்று மகன் அழைத்துப் போனான். 1612-இல் அங்கே வெள்ளிக் காசு அடிக்கும் சாலை இருந்ததாம். கின்சா என்ற பெயரே அதனால் வந்தது. நாம் பணத்தையே வெள்ளி என்கிறவர்கள் ஆயிற்றே, எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்து பெரிய சாலையில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். 1970-இலிருந்து வரும் வழக்கமாம். நடுரோட்டில் நாற்காலி போட்டு மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! நாற்சந்தியில் 1932-இல் கட்டிய மணிக்கூண்டு. அது ஒலித்தபோது, விடியற்காலைப் பெரட்டு மணி நினைவுக்கு வந்து கால் தானாக விரைந்தது.

ஒரு முத்துக் கடைக்குள் நுழைந்தோம். விற்பனைப் பெண் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். தோட்டத்தில் கிராணி முன்னால் நாம் குனிந்ததுதான் உண்டு. நமக்காக யார் குனிந்தார்கள்? கூச்சமாகப் போயிற்று. கண்ணாடிக்குள் இருந்த கம்மலின் விலைச் சீட்டைப் பார்த்தேன். என்னிடம் இருந்ததோ சுமார் 10,000 யென். அதைப்போலப் பல மடங்கு! மகன், "நான் போட்டுத் தரேம்மா" என்றான். பகுதி நேர வேலையில் தட்டுக் கழுவிச் சேர்த்த காசு. வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன். அப்போதும் அந்தப் பெண் வாசல்வரை வந்து குனிந்தாள்.

அருகிலேயே கிமுராயா ரொட்டிக் கடை. 1874-இல் சிவப்புப் பயற்று இனிப்பை உள்ளே வைத்து ரொட்டி சுட்டவர்கள். கூட்டம் நெரிந்தது. என் காசில் நான்கு வாங்கினேன்.

விமானத்தில் வரும்போது, கடை பூட்டியிருந்தது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார்.

"மோட்டார்ல வருவானே பாவ்காரன், அதே ருசி."

பிறகு நோட்டுகளை நீவி, டப்பாவில் வைத்து மூடினார்.

"அடுத்த தடவை போறப்போ முன்கூட்டியே சொல்லு. இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன்."