டவர் மாறும் ரயில் பாதை

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி 48 கி.மீ. மின்சார ரயிலில் சிப்காட் வேலைக்குப் போகிறவர்கள் பாதி வழி போனில்தான். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என ஊர்கள் கடந்தாலும் பேச்சு பெரும்பாலும் அறுவதில்லை. அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலை போன் ஓயாமல் அளந்து சொல்ல, இருக்கிற டவர் மங்குவதற்குள் நெட்வொர்க் அடுத்ததிடம் ஒப்படைத்துவிடுகிறது.

ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அருவிக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர், ஆந்திரா. டவருக்கு மாநில எல்லை ஏது? முன்பெல்லாம் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டால், வருகிற அழைப்புக்கும் காசு. ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கு இன்னும் மோசம்: ஊர் சிம்மில் அம்மா கூப்பிட்டாலே பாலன்ஸ் கரையும். பி.எஸ்.என்.எல். 2015 ஜூன் 15 முதல் அதை இலவசமாக்கியது. ஏர்டெல் 2017 ஏப்ரலில். இப்போது ஷிஃப்ட் முடிந்த பிளாட்பாரத்தில் ஒடியாவும் போஜ்புரியும் நிதானமாகக் கேட்கின்றன.