மாமாவின் கேள்வி

கிள்ளானில் மாமாவுக்குச் சின்ன ஸ்டேஷனரி கடை. எனக்கு வேலை புத்ராஜெயாவில்: அரசுக் கொள்முதல் கொள்கையை ஆராய்ந்து குறிப்பு எழுதுவது. தினமும் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து ரயில் பிடிப்பேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது மாமா கேட்டார். "ரெண்டு மாசம் அலைஞ்சு கொட்டேஷன் போட்டேன். கெடைக்கல. பரவால்ல, ஏன்னு மட்டும் சொல்லும்மா. நீ அங்கதானே இருக்க?"

சொல்ல முடியவில்லை. சொந்தக்காரரின் கோப்பை நான் எட்டிப் பார்ப்பதே தவறு.

ஆனால் கேள்வி நியாயமானது. நெடுங்காலம் 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டமும் கருவூலச் சுற்றறிக்கைகளும்தான் கொள்முதலை நடத்தின. தனிச் சட்டம் இல்லை. 2025 ஆகஸ்ட் 28 அன்றுதான் மக்களவை அரசுக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. அதில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. அமைச்சருக்கு அதிகாரம் கூடுதல் என்ற எதிர்ப்பும் கூடவே எழுந்தது.

தீர்ப்பாயத்தைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "அதுக்கு அலையுற நேரத்துல நாலு எடத்துக்குப் பேப்பர் போட்டுடுவேன்மா."

திரும்பியதும் என் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: கிடைக்காதவர் கேட்காமலே காரணத்தை எழுதித் தர வேண்டும். மூன்றாவது வரைவில் அந்த வரி காணாமல் போயிருந்தது.

நான்காவதில் மறுபடி எழுதியிருக்கிறேன்.