கூட்டுக்குள் மின்மினி இல்லை

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் 20 கிலோமீற்றருக்கு மேல் வந்து தம்பலகாமம் சந்தியில் இறங்கினேன். கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தேன். “இந்தக் காலப் பிள்ளையளுக்கு எழுத்தே வராது” என்றார் கடைக்காரர். ஆதிகோணநாயகர் கோயில் பக்கம் போகிற வழியெல்லாம் வயல். கதிர் பால்பிடிக்கும் பருவம். காற்றில் பச்சை நெல் வாசம்.

வரம்பில் மூன்றாம் தரப் பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்தார்கள். கையில் கொப்பி, கழுத்தில் நூலில் கட்டிய பென்சில். “பார்க்காததை எழுத வேண்டாம்.” ரீச்சர் போட்ட விதி அது ஒன்றுதான்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் எல்லோரும் குந்தினார்கள். நண்டு வளையின் வாயில் ஈரமண் உருண்டைகள். ஒரு சிறுவன் அவற்றை எண்ணி எழுதினான்.

பத்தடி தள்ளிப் பனைக்கடியில் தூக்கணாங்குருவிக் கூடொன்று விழுந்து கிடந்தது. நெல்லோலைக் கீற்றால் பின்னிய அது, கவிழ்த்த சிரட்டைபோல் பாதியில் நின்றிருந்தது. ஆண் குருவி இவ்வளவு கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவிக்குப் பிடித்தால்தான் மீதி வேலை.

“குருவி மின்மினியைப் பிடிச்சு மண்ணில ஒட்டி விளக்கு வைக்குமாம். அம்மம்மா சொன்னவ” என்றாள் ஒரு சிறுமி. ரீச்சர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “உள்ளுக்குப் பாருங்கோ” என்றார். உட்சுவரில் காய்ந்த களிமண் திட்டுகள். சிறுமி நகத்தால் சுரண்டினாள், முகர்ந்தாள், எழுதினாள்: “உள்ளே களிமண் இருக்கு. மின்மினி இல்லை. மண் ஏன்?” காற்றில் கூடு அதிகம் ஆடாதிருக்க, பாரத்துக்காகப் பூசுகிறது என்பது ஒரு கருத்து. அந்தக் கேள்வி அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது.

கடைக்காரர் சொன்னதை நான் அங்கே காணவில்லை. “எத்தனை வரி எழுத வேணும்?” என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ‘எனது சுற்றாடல்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் முப்பது கொப்பியிலும் ஒரே கட்டுரை வரும். இங்கே கொப்பிக்குக் கொப்பி வேறு வேறு.

தரம் 1 முதல் 5 வரை ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ நேரசூசியில் ஏற்கெனவே இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு அஞ்சி அந்த நேரத்தையும் வகுப்பறைக்குள் பூட்டிவைக்காதீர்கள். வயல் வாசலில் இருக்கிறது. பிள்ளைகளை இறங்க விடுங்கள்.