நன்கு பேணிய படகு

பாய்ப்படகு ஒன்று வாங்கப் போகிறோம் என்று ஆசிரியர் அறையிலே சொன்னபோது எமக்குக் கிடைத்த முதல் விடை சிரிப்பு. இரண்டாவது விடை மூத்த நண்பர் ஒருவரின் கேள்வி. "துரைமாரின் பொழுதுபோக்கு உங்களுக்கு எதற்கு, மாஸ்டர்?" சிரிப்பை விட்டுவிடலாம். கேள்வியை விட இயலாது.

இந்நாட்டில் உல்லாசப் பாய்ப்படகோட்டம் வெள்ளை உத்தியோகத்தரும் வணிகரும் தமக்கென வகுத்துக்கொண்ட கழகங்களோடு வந்தது என்பது உண்மையே. ஆயின் நாம் வாங்கக் கருதிய படகின் பிறப்பு வேறு. 'என்ரர்பிறைஸ்' என்னும் அவ்வினப் படகை ஜாக் ஹோல்ற் என்பவர் வரைந்தார். 1956 இல் 'நியூஸ் குரோனிக்கிள்' என்ற ஆங்கில நாளேட்டின் ஆதரவுடன் அது வெளிவந்தது. நீளம் பதின்மூன்றே கால் அடி, நீலப் பாய்கள் இரண்டு, ஓட்டுவதற்கு இருவர். ஒட்டுப்பலகையை அறுத்து வீட்டு முற்றத்திலேயே கட்டிக்கொள்ளலாம். போர் விமானங்களுக்கென வளர்த்தெடுக்கப்பட்ட நீர்புகாப் பசை சமாதான காலத்தில் இவ்வாறு படகுக்குப் பயன்பட்டது. 1963 இல் தொழிற்கட்சியை ஆதரித்த 'டெய்லி மிரர்' ஏடு, அதே ஹோல்ற் பங்குகொண்டு வரைந்த இன்னொரு சிறு படகைச் செந்நிறப் பாயுடன் 63 பவுண் 11 சிலிங்குக்கு மக்களிடம் கொண்டு சென்றது. பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து ஒட்டினாற் போதும். அவ்வினத்தில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் உருவாயின. தொழிலாளியும் குமாஸ்தாவும் கட்டிய படகு அது. எம் நாட்டில் அத்தகைய படகும் கழகத்து மதிலுக்குள்ளே போய் நின்றதாயின், குற்றம் படகினுடையதன்று.

எமக்கோ வேறு நியாயமும் இருந்தது. கடல் சூழ்ந்த குடாநாட்டிலே பிறந்தும் எம் தலைமுறையினர் கடலைக் கண்டது பெரும்பாலும் முட்கம்பிக்கு ஊடாகவே. 1990களின் முற்பகுதியில் தரைவழி அடைபட்டிருந்தபோது சனங்கள் கிளாலியிலிருந்து கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தார்கள். 1993 தையில் அப்பயணிகளிற் பலர் நீரிலேயே கொல்லப்பட்டார்கள். எம்மைக் கைக்குழந்தையாக மடியிலிட்டு அவ்வழி வந்தவர் எம் தாயார். போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் பிடிக்க வலையின்றி, தப்பிச் செல்ல அக்கரையின்றி, காலையிற் புறப்பட்டு மாலையிற் கரை சேரும் ஓட்டம் ஒன்று உண்டு என்பதை அவர் இன்றும் நம்புவதில்லை. "வேலை இல்லாமல் ஆர் தம்பி தண்ணிக்குள்ள இறங்குவான்?" என்பார்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறிற்று. எம் வகுப்புப் பிள்ளைகளின் தந்தையர் சிலர் இயந்திரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுக் கூலி வேலை தேடினர். சோளகக் காற்று அவ்வாண்டும் காசு கேட்காமலே வீசியது. ஆனால் அதைப் பாயிற் பிடிக்கத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறும், ஏற்றிய பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறும் பாட்டனுக்குத் தொழில். பேரனுக்கோ சொல்லாகக்கூடத் தெரியா. படகு வாங்கும் எண்ணம் இங்கேதான் முளைத்தது. ஆசிரியர் மூவர் சீட்டுப் பிடித்து எடுத்த பணம் கையில் இருந்தது.

படகு பொல்கொட ஏரிக்கரையில் இருந்தது. 'நன்கு பேணப்பட்டது' என்று விற்பவர் அறிவித்திருந்தார். பழம்படகு வாங்குவோர் முதலில் ஐயுற வேண்டியது இச்சொல்லையே. வார்னிஷின் பளபளப்பு ஒரு கிழமையில் வந்துவிடும். பளபளப்பின் கீழ் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகையின் எதிரி உப்புநீரன்று, மழைநீர். மழைநீர் தேங்கும் மூலைகள், பாய்மரத்தின் அடி, சுக்கான் தொங்கும் பின்பலகை ஆகியவற்றிலேதான் உக்கல் தொடங்கும். விரல் மொழியால் தட்டிச் சென்றால் நல்ல பலகை கணீரென்னும். உக்கிய இடம் மந்தமாய் ஒலிக்கும். ஐயமான இடத்திற் கூர் ஊசியை அழுத்தினால் விடை கிடைத்துவிடும். அடுத்தது, நடுப்பலகை ஏறி இறங்கும் கூடு. ஒழுக்குப் பெரும்பாலும் அதன் அடியிலேதான். படகை மரத்தாங்கிகளில் ஏற்றி உள்ளே நான்கு வாளி நீர் விட்டோம். அரைமணி நேரம் குந்தியிருந்து அடிப்புறத்தைப் பார்த்தோம். ஒரு துளியும் இல்லை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைப் பஞ்சுத் துணியால் உருவினோம். அறுந்த இழை இருந்தால் துணியைக் கௌவும், எங்கும் கௌவவில்லை. பாய் மட்டும் முதுமை அடைந்திருந்தது. துணி மொரமொரப்பு இழந்து சேலைபோற் துவண்டது. ஆயினும் தையல் புதிது, கையால் இட்டது.

அத்தையல் யாருடையது என்று கேட்டோம். விற்பவர் அப்பால் நின்ற முதியவரைக் காட்டினார். மொறட்டுவைத் தச்சர், படகுக் கொட்டிலின் காவலாள். 'பாஸ்' என்றே எல்லோரும் அழைத்தனர். எமது அரைகுறைச் சிங்களத்துக்கு அவர் பொறுமையாக விடை தந்தார். ஒவ்வொரு மாரிக்கு முன்னரும் படகைக் கவிழ்த்து, தரையினின்று ஒரு முழம் உயர்த்தி, காற்றுப் போகவர விட்டு வைத்தவர் அவர். ஆண்டுதோறும் அரத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசியவரும் அவரே. இருபத்திரண்டு ஆண்டுகள்.

"பாஸ் இதிற் பாய் விரித்து ஓடியதுண்டா?"

"பாய் விரித்திருக்கிறேன் சேர், காயவைக்க."

விலை பேசும்போது விற்பவர் கூட்டிக் கேட்டதற்குச் சொன்ன காரணம் பேணல். "என் பிள்ளையைப்போலப் பார்த்தேன்" என்றார். அந்தப் பேணலின் விலையில் ஒரு பங்கு பாஸுக்கு உண்டா என்று எம் நண்பர் நேராகவே கேட்டார். "அவனுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றே" என்பது விடை. பொருளாதாரப் பாடத்தில் மாதக்கணக்கிற் படிப்பிக்கும் விடயத்தை அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். அவர் கெட்டவரல்லர், எமக்குத் தேநீர் தந்தார், தாளொன்றும் மறைக்காமல் எடுத்து வைத்தார். ஆனால் எட்டு மூலைகளை ஊசியாற் குத்திப் பார்த்த எமக்குத் தெரிந்தது, நாம் காசு கொடுப்பது ஒட்டுப்பலகைக்கன்று என்பது. ஒட்டுப்பலகை அறுபது ஆண்டு நிற்பதில்லை, நிறுத்தப்படுகிறது.

பேசிப் பேசி விலையை ஓரளவு இறக்கினோம். இறங்கிய தொகையை பாஸிடம் நீட்டியபோது அவர் வாங்க மறுத்தார். தானம் வேண்டாம் என்றார். யாழ்ப்பாணம் வந்து படகைப் பூட்டித் தருவதாகவும், அதற்கு ஐந்து நாட்கூலியும் பஸ் காசும் தரலாம் என்றும் கணக்குச் சொன்னார். கணக்கு நியாயமானது. அவர் சொன்ன கூலி எம் ஊர்த் தச்சரின் கூலியிலும் குறைவு என்பதால் எம் ஊர்க் கூலியையே தருவதென்று முடிவாயிற்று.

லொறியில் வைக்கோல் மெத்தை இட்டுப் படகு வந்தது. எம் கடனீரேரி ஆழமற்றது. நடுப்பலகையும் சுக்கானும் மேலே தூக்கத்தக்க இப்படகுக்கு அது தோதானது. மூன்றாம் நாள் சோளகம் இதமாக வீசிய காலை, பாஸைச் சுக்கானடியில் இருத்தினோம். "எனக்கு ஓட்டத் தெரியாதே சேர்" என்றார். தாமானைப் பிடிப்பதற்கு, பாட்டன் காலத்துப் பாய் அறிந்த கிழவர் ஒருவரை எம் மாணவன் கூட்டி வந்திருந்தான். ஒருவருக்குச் சிங்களம் தெரியாது, மற்றவருக்குத் தமிழ் தெரியாது. "இழு", "விடு" என்ற இரண்டையும் கையாலே பேசிக்கொண்டு இருவரும் நண்பகல்வரை ஓடினர். நாம் கரையில் நின்று முறைக்காகக் காத்திருந்தோம்.

கரை சேர்ந்ததும் பாஸ் முதலிற் செய்தது அடிப்பலகையைத் தடவி நீர் புகுந்ததா என்று பார்த்தது. கிழவர் நீலப் பாயை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். மாணவனின் தந்தை கிட்ட வந்து, இப்படி ஒரு பாயைத் தன் வள்ளத்துக்குத் தைக்க எத்தனை யார் துணி வேண்டும், அது எங்கே கிடைக்கும், தைக்கக் கூலி என்ன என்று பாஸிடம் கேட்கும்படி எம்மைக் கேட்டார்.