கை தவறித் திறந்த வால்வு

கழிவுநீர் ஆற்றில் கலந்து பிடிபட்டால் ஆலைத் தரப்பில் வரும் பதில்கள் நமக்கெல்லாம் பழக்கம்தான். கரண்ட் போய்விட்டது, பம்ப் பழுது, கனமழை, குழாய் உடைந்தது. சில நேரம் உண்மையாகவும் இருக்கும். மழை ராத்திரியாகப் பார்த்து வால்வு பழுதாகும் அதிசயத்தை மட்டும்தான் நம்ப முடியவில்லை.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 24-ஆம் பிரிவு: நச்சுக் கழிவைத் தெரிந்தே ஓடையில் விடக்கூடாது. விபத்து என்ற வாதம் நுழையும் வாசல் இதுதான். 47-ஆம் பிரிவு நிர்வாகிகளுக்கானது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய கவனம் அத்தனையும் எடுத்தேன் என்றோ காட்டினால் தப்பலாம். காட்டும் பொறுப்பு அவர் தலையில். பராமரிப்புப் பதிவேடு இல்லாதவர் எதைக் காட்டுவார்?

வக்கீல்கள் முதலில் புரட்டுவது 21-ஆம் பிரிவை. மாதிரி எடுக்கப்போவதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் நோட்டீஸ் தந்தார்களா, இரண்டாகப் பிரித்தார்களா, சீல் வைத்துக் கையெழுத்து வாங்கினார்களா? முறை தவறினால் ஆய்வக முடிவு சாட்சியமாகாது. தண்ணீர் என்ன நிறத்தில் ஓடியது என்பது அப்புறம்தான். ஊர்க்காரனுக்கு எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல். ஆனாலும் இந்தக் காப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன், வாரியமும் தப்பு செய்யும்.

அதிகம் பேசப்படாதது 31-ஆம் பிரிவு. விபத்தால் கழிவு வெளியேறினால், வெளியேறும்போல இருந்தாலும், பொறுப்பில் இருப்பவர் உடனே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மீன் செத்து மிதந்து, ஊரார் புகார் கொடுத்த பிறகு ‘விபத்து’ என்றால் யார் நம்புவார்கள்?

அமெரிக்காவில் கழிவுநீர் உரிம விதிகளிலேயே விபத்து என்ற வாதத்துக்கு இடம் உண்டு: கட்டுப்பாட்டை மீறிய தற்காலிகக் கோளாறு என்றால் தற்காப்பு, 24 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். கவனக்குறைவு, பராமரிப்பின்மை, மோசமான வடிவமைப்பு இதில் சேராது.

இங்கிலாந்து இன்னும் கறார். ஒரு கம்பெனியின் டீசல் தொட்டியில் பூட்டில்லாத குழாயை யாரோ திறந்துவிட, டீசல் ஆற்றுக்குப் போனது. 1998-இல் பிரபுக்கள் சபை கம்பெனிதான் குற்றவாளி என்றது.

மேலே சொன்னதெல்லாம் தண்டனைக்கு. நஷ்ட ஈடு வேறு கணக்கு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு விலக்கே கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2010-இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமோ, விபத்தானாலும் தவறு யாருடையது என்று பார்க்காமலே ஈடு விதிக்கச் சொல்கிறது.

விபத்தின் விலை ஆற்றோடு நிற்பதில்லை. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்தார்கள்.

ஆலை நடத்துகிறவர்களுக்கு ஒன்று: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலக எண்ணை ராத்திரி ஷிப்ட் மேற்பார்வையாளரின் செல்போனில் இன்றைக்கே ஏற்றி வையுங்கள்.