பொய்மீனின் முகத்தில் ஒரு தகடு

கற்பிட்டிக் கடலில் பாரைக்கும் சீலாவுக்கும் பொய்மீன் (மீன் வடிவச் செயற்கை இரை) இழுப்பவர்களிடம் பேச்சு நிறத்தைப் பற்றித்தான். முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகட்டை யாரும் பேசுவதில்லை. அது நியாயமே இல்லை.

நீர் அந்தத் தகட்டில் மோதித்தான் பொய்மீன் கீழே இறங்குகிறது, நெளிகிறது. எவ்வளவு ஆழம் என்பதை நீளமும் சாய்வும் தீர்மானிக்கும். ஆட்டத்தின் குணம் தகடு செய்த பொருளையும் பொறுத்தது.

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பொலிகார்பனேட். பாறையில் இடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் விறைப்பாக நிற்கத் தடிப்பு வேண்டும். மின்சுற்றுப் பலகை செய்யும் கண்ணாடியிழைத் தகடோ 1.6 மில்லிமீற்றரிலேயே விறைத்து நிற்கும். அதன் அடர்த்தி பொலிகார்பனேட்டைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றாலும், மெலிவாக இருப்பதால் எடை கூடுவதில்லை. மெல்லிய விளிம்பு நீரை வெட்டும்போது துடிப்பு இறுகி விரைவாகிறது. பல்சாக் கட்டையில் பொய்மீனைக் கையால் செதுக்குபவர்கள் இந்தத் தகட்டைத் தேடிப்போவது அதனால்தான். ஆனால் கல்லில் பட்டால் அதன் ஓரம் சிதறலாம்.

அறுக்குளாவுக்கு வேகமாக இழுக்கையில் வளையாத உலோகத் தகடு நல்லது.

புத்தளம் களப்போ கடற்புல் மண்டிய ஆழமற்ற நீர். அங்கே நீண்ட தகடு புல்லைத்தான் வாரும். குட்டையாக, செங்குத்தாகப் பொருத்தியதே போதும்.